மூன்று லைட்டுகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அலுமினியப் பெட்டி திரும்பி வந்தது ஐம்பத்திரண்டாவது நாள். கொண்டுவந்த போலீஸ்காரர் அதை ஸ்டூடியோவின் முன்னறையில் இறக்கி வைத்துவிட்டு, ஒரு தாளை நீட்டி இரண்டு இடத்தில் கையெழுத்துக் கேட்டார்.

"உள்ள எல்லாம் இருக்கான்னு பாத்துக்கோங்கம்மா. அப்புறம் அது காணோம் இது காணோம்னு வந்து நிக்கக்கூடாது."

அவள் பெட்டியைத் திறந்தாள். ஒரு தாழ்ப்பாள் சட்டென்று திறந்தது. இன்னொன்று நசுங்கிக் கிடந்ததால் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்ப வேண்டியிருந்தது. உள்ளே மூன்று ஃப்ளாஷ் லைட்டுகளும் அதனதன் குழியில் படுத்திருந்தன. ஒன்றின் கண்ணாடி மூடி உடைந்து தூளாகியிருந்தது. இன்னொன்றின் முதுகில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பள்ளம். மூன்றாவதில் ஒரு கீறல்கூட இல்லை.

"எல்லாம் இருக்கு" என்றாள்.

போலீஸ்காரர் போன பிறகு அந்தப் பெட்டியை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. மூடிவைத்து, அதன்மேல் ஒரு செய்தித்தாளை விரித்து, மத்தியானச் சாப்பாட்டை அதில் வைத்துச் சாப்பிட்டாள்.

ஸ்டூடியோ அவளுடையதும் அவள் அண்ணனுடையதும். இருபத்தோரு வருஷமாக அண்ணன் லைட், அவள் கேமரா. லைட்டை எங்கே நிறுத்துவது, எவ்வளவு உயரம், குடையா, வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிக்கூண்டான சாஃப்ட்பாக்ஸா எல்லாம் அண்ணன் பாடு. படம் பிடிக்க வந்தவர்களைப் பேசிச் சிரிக்கவைப்பதும் அவர் பாடுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவரை 'மின்னல் மாமா' என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் அதிகம் பேசமாட்டாள். பேச வேண்டிய அவசியமே வந்ததில்லை. அவளுக்கும் சேர்த்து அவர் பேசிவிடுவார்.

ஒரு காலைப்பொழுது, வகுப்புவாரியாகக் குரூப் போட்டோ எடுக்க ஒரு பள்ளிக்குப் போகும் வழியில் வேனின் முன் டயர் வெடித்தது. வேன் சாலையை விட்டு இறங்கி, இரண்டு முறை உருண்டு, ஒரு மரத்தில் மோதி நின்றது. மோதியது வண்டி ஓட்டிய அண்ணன் உட்கார்ந்திருந்த பக்கம். பக்கத்து சீட்டில் இருந்த அவளுக்கு முழங்கையில் மட்டும் சிராய்ப்பு. ஆஸ்பத்திரியில் அதற்கு ஒரு பஞ்சை வைத்து ஒட்டி, "நீங்க போகலாம்" என்றார்கள். எங்கே போக என்று அவள் கேட்கவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். "உனக்காவது ஒண்ணும் ஆகலையே, அது போதும்." அவளும் எல்லாருக்கும் "ஆமா" என்றே சொன்னாள். அழுகை வரவில்லை. வரும் வரும் என்று எல்லாரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது வரவேயில்லை. பத்தாம் நாள் ஸ்டூடியோவைத் திறந்தாள். மனசைத் தேற்றிக்கொண்டுதான் திறந்தாள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். தேற்றிக்கொள்ள மனசு என்று ஒன்று கைக்கு அகப்பட்டால்தானே? வீட்டில் இருந்தால் சுவர், இங்கே வந்தால் வேலை. அவ்வளவுதான் வித்தியாசம். ஜன்னல் வெளிச்சத்திலும் யாரோ இரவல் தந்த ஒரு சின்ன லைட்டிலும் பாஸ்போர்ட் போட்டோக்களை எடுத்துத் தள்ளினாள்.

பெட்டி வந்த மறுநாள் அதைப் பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு ரிப்பேர்காரரிடம் போனாள். அவர் கடை ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. அண்ணனுக்கு இருபது வருஷச் சிநேகிதர். அவளைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார். பெட்டியை வாங்கிக்கொண்டார்.

மூன்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஊதினார், துடைத்தார், மீட்டர் வைத்துப் பார்த்தார். உடைந்த கண்ணாடிக்குப் பதில் அலமாரியிலிருந்து வேறொன்றை எடுத்து மாட்டினார். பிறகு முதல் லைட்டுக்குக் கரண்ட் கொடுத்தார். உள்ளே விசிறி முனகியது. இரண்டு விநாடி கழித்து 'பீப்' என்றது. பொத்தானை அமுக்கினார். அறை முழுக்க வெளுத்து அடங்கியது.

"அம்பது தடவ அடிச்சுப் பாக்குறேன்மா. உள்ளுக்குள்ள எங்கயாவது லூசாகியிருந்தா, முப்பது நாப்பதுல காட்டிக் கொடுத்துடும்."

ஐம்பது முறை அடித்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை. இரண்டாவதையும் அடித்தார், மூன்றாவதையும் அடித்தார். முதுகில் பள்ளம் விழுந்ததுதான் மற்ற இரண்டையும்விட வேகமாகச் சார்ஜ் ஏறியது. நூற்றைம்பதாவது முறை அடித்து முடித்ததும் அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, கழுத்துத் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அவள் ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு வயர்க்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அழுது முடிக்கட்டும் என்று காத்திருப்பது, லைட் சார்ஜ் ஏறக் காத்திருப்பது போலத்தான் இருந்தது. அப்படி இருப்பது தப்பு என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய?

"ஒண்ணுமே ஆகலம்மா இதுக்கு" என்றார் அவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இந்த மாடல் இப்ப வர்றதில்ல. பழைய லைட்ட இன்னமும் வெச்சிருக்கறவங்க யாருன்னு கம்பெனியில தேடிக்கிட்டிருக்காங்க. உங்க அனுபவத்தச் சொல்லுங்கன்னு பேசச்சொல்லி வீடியோ எடுக்கறாங்களாம். உன் நம்பர கேட்டாங்க. குடுக்கட்டுமா, வேணாமா?"

"குடுங்க."

அந்த நாட்களில் யார் எதைக் கேட்டாலும் அவள் சரி என்றுதான் சொன்னாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டியிருக்கிறதே.

லைட்டுகளைப் பழைய இடத்தில் நிறுத்தினாள். வேலை தொடர்ந்தது. ஒருநாள் எட்டு மாதக் குழந்தை ஒன்றைப் படமெடுக்க வந்தார்கள். அண்ணன் இருந்தால் மாடு மாதிரி ஒரு குரல் கொடுப்பார். எப்படிப்பட்ட குழந்தையும் திரும்பிப் பார்த்துவிடும். அவளுக்கு அந்தக் குரல் வராது. குழந்தையின் அப்பா சாவிக்கொத்தை ஆட்டிப் பார்த்தார், அம்மா கைதட்டிப் பார்த்தாள். குழந்தை எதற்கும் அசைந்து கொடுக்கவில்லை. வெளிச்சத்தைத் திருப்பலாம் என்று லைட்டின் முகத்தைப் பிடித்தாள்.

"அக்கா, கை! கை!" என்று குழந்தையின் அம்மா அலறினாள்.

நிழல் எங்கே விழுகிறது என்று பார்க்க ஃப்ளாஷுக்குள் ஒரு மணி நேரமாக எரிந்துகொண்டிருந்த பல்பின் கண்ணாடி அது. கையை எடுத்துப் பார்த்தாள். இரண்டு விரல் நுனிகளும் வெளுத்துச் சுருங்கியிருந்தன. குழாயில் தண்ணீரைத் திறந்து விரல்களை நீட்டிக்கொண்டு நின்றாள். அலறலைக் கேட்டுத் திரும்பிப் பார்த்த குழந்தையை அதற்குள் படமெடுத்திருக்கலாமே என்றுதான் தோன்றியது.

அடுத்த வாரம் கம்பெனிக்காரர் வந்தார். முப்பது வயதிருக்கும். துணைக்கு ஒரு வீடியோகிராபர். வந்ததும் வராததுமாக மூன்று லைட்டுகளையும் சுற்றிச் சுற்றி வந்து, உடன்பிறந்தவர்களைப் பார்த்ததுபோலச் சந்தோஷப்பட்டார்.

"இருபத்தோரு வருஷம்! நான் அப்ப ஸ்கூல்ல இருந்தேன் மேடம். இந்த ஸ்டூல்ல உக்காருங்க. உங்க லைட்டையே உங்க மேல போட்டு எடுத்தா நல்லாயிருக்கும்."

அந்த ஸ்டூலில் அவள் இதுவரை உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தாள். வீடியோகிராபர் லைட்டைத் தலைக்கு மேலே நேராக உயர்த்தி நிறுத்தியிருந்தார். இரண்டு கேள்வி முடியும்வரை பொறுத்திருந்துவிட்டு, எழுந்து போய் அதை ஒரு முழம் இறக்கிவைத்து வந்து உட்கார்ந்தாள்.

"மூக்கு நிழல் வாய்க்குள்ள விழுது தம்பி" என்றாள்.

"சொல்லுங்க மேடம். உங்க அனுபவத்துல இந்த லைட் எப்படி? நல்லா அடிபட்டிருக்கா?"

"நல்லாவே பட்டிருக்கு. வாங்கின முதல் மாசமே எங்கண்ணன் வயர் தடுக்கி, ஒண்ணு குப்புற விழுந்துச்சு. பல்ப் மட்டும் போச்சு. அப்புறம் ஒரு கல்யாணத்துல மேடையிலேர்ந்து நேரா ஐஸ் தொட்டிக்குள்ள போச்சு."

"தண்ணிக்குள்ளயா?"

"ஐஸ் பாதி, தண்ணி பாதி. வெளிய எடுத்து ரெண்டு நாள் மின்விசிறிக்கு முன்னால வெச்சோம். அந்த ரெண்டு நாளும் எங்கண்ணன் சரியா சாப்பிடல. மூணாம் நாள் போட்டுப் பாத்தா, அடிச்சுச்சு. அப்புறம் ஒரு மாவு மில்லுக்குப் படமெடுக்கப் போனோம். விசிறிக்குள்ள மாவு போயிடுச்சு. ஒரு வாரத்துக்கு, ஒவ்வொரு தடவ அடிக்கும்போதும் சுட்ட மாவு வாசன வரும். பாஸ்போர்ட் போட்டோக்கு வந்தவங்க எல்லாம், உள்ள யாராவது சமைக்கறாங்களான்னு கேப்பாங்க. எங்கண்ணன், 'ஆமா, போட்டோ வெந்துக்கிட்டிருக்கு, அஞ்சு நிமிஷம் உக்காருங்க'ம்பார்."

கம்பெனிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். வீடியோகிராபரின் தோளும் குலுங்கியது. அவள் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் சொன்ன ஜோக்குகளை எல்லாம் தன்னால் வார்த்தை பிசகாமல் சொல்ல முடிகிறது என்பதை அவள் அன்றுதான் கவனித்தாள்.

"அந்த லைட்டு முதுகுல ஒரு பள்ளம் இருக்கே, அது எப்படி மேடம்?"

"அது வேன் உருண்டப்ப."

"வேனா!" கம்பெனிக்காரர் தன் நாற்காலியை இன்னும் நெருக்கிப் போட்டுக்கொண்டார். "சொல்லுங்க, சொல்லுங்க. முழுசா சொல்லுங்க."

"டயர் வெடிச்சு வேன் ரெண்டு தடவ உருண்டுச்சு. பெட்டி பின்னால இருந்துச்சு. கதவு பிச்சுக்கிட்டு, பெட்டி வெளிய போய் கல்லு மேல விழுந்துச்சு. மூணு லைட்டுக்கும் ஒண்ணும் ஆகல. எனக்கும் ஒண்ணும் ஆகல. எங்கண்ணன் அங்கயே போயிட்டார்."

கம்பெனிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

"எப்ப மேடம்?"

"ரெண்டு மாசம் ஆச்சு." அவள் சாஃப்ட்பாக்ஸை அண்ணாந்து பார்த்தாள். "சொல்லும்போது தலைய குனிஞ்சுட்டேன். கழுத்துல நிழல் விழுந்திருக்கும். இன்னொரு தடவ சொல்லட்டுமா?"

"வேணாம் மேடம்" என்றார் வீடியோகிராபர். அவர் அன்று பேசியது அது ஒன்றுதான்.

ஒன்பது நாள் கழித்து, ஸ்டூடியோ வாசலில் அண்ணி வந்து நின்றாள். அண்ணன் போன பிறகு அண்ணி இந்தப் பக்கமே வந்ததில்லை. ஒரு மருந்துக்கடையில் வேலை. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவள் என்று பெயர். உள்ளே வந்து உட்காராமலே போனை நீட்டினாள்.

வீடியோ ஓடியது. ஐஸ் தொட்டி வந்தது, மாவு மில் வந்தது. கடைசியில் அவள் முகம் பெரிதாக வந்து, "வேன் ரெண்டு தடவ உருண்டுச்சு. மூணு லைட்டுக்கும் ஒண்ணும் ஆகல" என்றது. உடனே மேளச் சத்தத்தோடு கம்பெனி முத்திரை வந்து விழுந்தது.

"நீ சொன்னியா இத?"

"சொன்னேன்."

"அவரப் பத்தி சொல்லலையா?"

"சொன்னேன் அண்ணி. வெட்டிட்டாங்க."

அண்ணி வீடியோவை மறுபடியும் அந்த இடத்தில் நிறுத்தி, அவள் முகத்தையே பார்த்தாள். "சொல்லும்போது உன் மூஞ்சி இப்படித்தான் இருந்துச்சா? அடுத்த பஸ் எத்தன மணிக்குன்னு சொல்றவ மாதிரி இருக்கே."

"வேற மாதிரி வரல. அழுகையும் வரல. எதுவுமே வரல அண்ணி. விரல் சுட்டது கூட, இன்னொருத்தர் சொல்லித்தான் தெரிஞ்சுது."

அண்ணி அவள் கையைப் பிடித்து, விரல் நுனிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகுதான் உட்கார்ந்தாள்.

"எனக்கு நிக்கவே மாட்டேங்குது" என்றாள். "மாத்திரை எடுத்துக் குடுக்கறேன், கண்ணுல தண்ணி வந்துக்கிட்டே இருக்கு. காய்ச்சல்னு வந்தவங்க எனக்கு ஆறுதல் சொல்லிட்டுப் போறாங்க. ஒருத்திக்கு வரல, ஒருத்திக்கு நிக்கல. நல்லா இருக்கு நம்ம குடும்பம்."

இரண்டு பேரும் சிரிக்கவில்லை. ஆனால் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு ஆள் ஜெராக்ஸ் எடுக்க முடியுமா என்று எட்டிப் பார்த்தார். "பக்கத்துக் கடை" என்று அனுப்பினாள்.

"எனக்கு ஒரு போட்டோ எடு" என்றாள் அண்ணி. "லைசென்ஸுக்கு மனு போடணும்."

"என்ன லைசென்ஸ்?"

"வண்டி ஓட்டத்தான். வெளி வேலை எதையும் நீ ஒத்துக்கறதில்லன்னு ரிப்பேர்காரர் சொன்னார். பாஸ்போர்ட் போட்டோவ வெச்சு எத்தன நாள் ஸ்டூடியோ நடத்துவ? நீ ஓட்டமாட்ட. யாராவது ஒருத்தர் ஓட்டித்தானே ஆகணும்."

"உங்களுக்கு பயமா இல்லையா?"

"பயமாத்தான் இருக்கு. அதுக்குத்தான் கத்துக்கறது."

அவள் எழுந்து ஜன்னல் திரையை விலக்கினாள். "ஜன்னல் வெளிச்சத்துலயே எடுத்துடலாம் அண்ணி."

அண்ணிக்குப் புரிந்தது. எழுந்துபோய், பள்ளம் விழுந்த லைட்டின் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். கை அதில் சரியாகப் பொருந்தியது. கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

"இதுலயே எடு. பாவம், இது என்ன பண்ணுச்சு?"

அவள் லைட்டை ஏற்றி இறக்கினாள். அண்ணியின் கண்கள் வீங்கியிருந்ததால் நேர்வெளிச்சம் வேண்டாம் என்று பட்டது. சாஃப்ட்பாக்ஸைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தி, கீழே ஒரு வெள்ளை அட்டையைச் சாய்த்து வைத்தாள். ஃப்ளாஷ் அடித்த இரண்டு முறையும் அண்ணி கண்ணை மூடிவிட்டாள்.

"கண்ண மூடியே வெச்சுக்கோங்க. நான் சொன்னதும் திறங்க. திறந்ததும் என்னையே பாருங்க... இப்ப."

மூன்றாவது படம் சரியாக வந்தது. கணினியில் அண்ணியின் கண்ணுக்குக் கீழே இருந்த கருமையைக் குறைக்கப் போனாள். "அது இருக்கட்டும்" என்றாள் அண்ணி. அப்படியே அச்செடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் கம்பெனிக்காரருக்குப் போன் போட்டாள்.

"எங்கண்ணனையும் சேத்துப் போடுங்க தம்பி. இல்லன்னா எடுத்துடுங்க."

அவர் மென்று விழுங்கினார். "நான் சொல்லிப் பாத்தேன் மேடம். விளம்பரத்துல சாவு வரக்கூடாதுன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. இப்பவே ரெண்டு லட்சம் பேர் பாத்துட்டாங்க. எல்லாரும் உங்களப் பாராட்டறாங்க."

"சாவு வரக்கூடாதுன்னா வேனும் வரக்கூடாது. எடுத்துடுங்க."

குரலை உயர்த்தவில்லை. கோபம் வந்ததா என்று பின்னால் யோசித்துப் பார்த்தபோதும் அவளால் சொல்ல முடியவில்லை. ஆனால் யார் கேட்டாலும் சரி என்று சொல்லிக்கொண்டிருந்தவள், எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒன்றை மறுத்திருந்தாள். சாயங்காலத்துக்குள் வீடியோ நீக்கப்பட்டிருந்தது. நான்கு நாள் கழித்து, மன்னிப்புக் கடிதத்தோடு புது லைட் ஒன்று வந்தது. அதைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றோ வைத்துக்கொள்ள வேண்டும் என்றோ அவளுக்குத் தோன்றவில்லை. ஒரு மாதம் ஓரமாகக் கிடந்தது. பின்னணித் திரைக்கு வெளிச்சம் போதாத ஒருநாள் எடுத்து மாட்டினாள். அதுவும் நன்றாகத்தான் அடித்தது.

அண்ணி முதல் தேர்வில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கம்பத்தில் இடித்து, தோற்றுப்போனாள். இரண்டாவது தேர்வில் தேறினாள். முதல் வெளி வேலையாக, நாற்காலி செய்யும் ஒரு தொழிற்சாலைக்குப் படமெடுக்க ஒத்துக்கொண்டார்கள். வாடகை வேனில் மூன்று லைட்டுகளையும் கயிறு போட்டுக் கட்டினார்கள். முன் சீட்டில் ஏறி பெல்ட்டை மாட்டிய பிறகு, அது மாட்டியிருக்கிறதா என்று அவள் நாலு தடவை இழுத்துப் பார்த்தாள்.

அண்ணி முப்பதுக்கு மேல் போகவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, முதுகைச் சாய்க்காமல் ஓட்டினாள். பாதி வழியில் ஒரு லாரி பின்னால் ஒட்டிக்கொண்டு, விடாமல் ஹாரன் அடித்தது. அண்ணி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டிக் கத்தினாள்.

"அவ்வளவு அவசரம்னா தலைக்கு மேல பறந்து போயேண்டா, நான் என்ன வேணாங்கறேனா!"

கத்திவிட்டு, கத்தியது யார் என்று தேடுபவள் போல விழித்தாள். பக்கத்து சீட்டில் இருந்தவளுக்குள்ளிருந்து சிரிப்பு ஒன்று விக்கல் மாதிரி வெளியே வந்தது. ஒரே ஒரு தடவைதான். அதற்குப் பிறகு வழியெல்லாம் பழையபடி சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

தொழிற்சாலையின் பின்கூடத்தில் வெள்ளைத் திரை கட்டி, லைட்டுகளை நிறுத்தினார்கள். எந்த வயர் எந்தத் துளைக்கு என்று அண்ணி ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுச் செருகினாள். மூன்றும் 'பீப்' என்றன. படமெடுக்க நாற்பத்தொரு நாற்காலிகள் வரிசையில் நின்றன. முதல் நாற்காலியை அண்ணி தூக்கிவந்து திரைக்கு முன்னால் வைத்தாள்.

"நடுவுல வைங்க அண்ணி."

"நடுவுலதானே இருக்கு."

"இல்ல, கொஞ்சம் இடதுபக்கம் போயிருக்கு."

"உன் இடதா, என் இடதா?"

அவள் கேமராவிலிருந்து கண்ணை எடுத்து, ஒரு கணம் யோசித்தாள். இந்தக் கேள்வியை அண்ணன் கேட்டதே இல்லை.

"என் இடது" என்றாள்.